தண்டனை வட்டம்

என் வேலை எண்ணுவது.
பின்லாந்தில், கைனூவின் ஓர் ஏரிக்கரையில்,
உறைநிலைக்குப் பதினெட்டு பாகை கீழே
பென்சிலோடு நிற்கிறேன்.
பேனா இங்கே செல்லாது, மை உறைந்துவிடும்.

பனியில் சறுக்கி வருகிறவர்கள்
நெஞ்சு முரசாக அடிக்கும்போதே
நின்றபடி துப்பாக்கி தூக்கவேண்டும்.
ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஐந்து கறுப்பு வட்டங்கள்,
ஒவ்வொன்றும் காபிக் கோப்பையின் அடித்தட்டு அளவு.
பட்டால் வெள்ளை.
தப்பினால், தப்பிய குண்டு ஒன்றுக்கு
நூற்றைம்பது மீட்டர் ஒரு சுற்று.
அந்தச் சுற்றுக்குத்தான் நான் காவல்.
வென்றவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.
அவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை.

பதினேழாம் எண், சைமி.
ஐந்தும் கறுப்பாகவே இருந்தன.
ஒலிபெருக்கி அவள் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு
அடுத்த பெயருக்குத் தாவியது.

முதல் சுற்றில் அழுதாள்.
இரண்டாவதில் யாரையோ வைதாள்,
என்னையாகவும் இருக்கலாம்.
மூன்றாவதில் தோள்வாரை இழுத்துச் சரிசெய்தாள்.
நான்காவதுக்கு என்னிடம் ஒரு கோடு மட்டுமே இருக்கிறது.
ஐந்தாவதில்
சறுக்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்,
எங்கோ போய்ச் சேரவேண்டியவளைப் போல.

இதற்கு எங்கள் மொழியில் ஒரு சொல் உண்டு.
விமான நிலையத்தில் பனியனில் அச்சடித்து விற்கிறார்கள்.
அவள் முகத்தில் அதைத் தேடினேன்.
மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

கடைசிக்கு முந்தைய இடம்.

செவ்வாய்க்கிழமை, சுகாதார நிலையத்தில்
ரத்தம் எடுக்கிற அறையில், வெள்ளை உடுப்பில் அவள்.
என் கையைத் திருப்பினாள், தட்டினாள்.
என் நரம்புகள் ஒளிந்துகொள்கிற ரகம்.
ஊசி தப்பியது.
"ஒன்று" என்றேன், பழக்க தோஷம்.
நிமிர்ந்தாள். "பென்சில்காரர்!"
இரண்டாவதும் தப்பியது. நான் எண்ணவில்லை.

ஊசியைத் தட்டில் வைத்தாள்.
புதிதாக ஒன்றைப் பிரித்தாள்.
மூச்சில் முக்காலை வெளியே விட்டாள்,
காலை உள்ளே வைத்துக்கொண்டாள்.
அந்தக் கால் மூச்சில்
குழாய் சிவந்தது.

"ஐந்து சுற்றும் எப்படி முடித்தாய்?" என்றேன்.
யோசித்தாள்.
"நாலாவதில், பூனைக்குத் தீனி வாங்கவில்லை என்று
ஞாபகம் வந்தது. கடை ஆறு மணிக்கு மூடிவிடும்."
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு
அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

முடிவு வெள்ளிக்கிழமை வரும்.
எதைத் தேடுகிறார்கள் என்று
மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.
எண்ணெய் மாற்ற வண்டியை விடப்போகிறேன் என்றுதான்
காலையில் கிளம்பினேன்.

வெளியே, கார்கள் நிற்குமிடத்தின் நடுவில்
வழித்துக் குவித்த பனி, ஆள் உயரம்.
அதைச் சுற்றி நடந்தேன்.
ஒன்று.
வண்டிக்குப் போயிருக்கலாம்.
இரண்டு.
சட்டைப்பையில் பென்சில் குத்தியது.
எத்தனை சுற்று என்று எனக்கு
யாரும் சொல்லியிருக்கவில்லை.
மூன்றாவதில் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தேன்,
வீட்டு எண்ணை அழுத்தினேன்.
மணி அடிக்கத் தொடங்கியது.
முக்கால் மூச்சை விட்டேன்.