அட்டைக் காலுறை

சிங்கராஜா மழைக்காட்டுக்கென்றுதான் நேசன் லீவு போட்டது.
மூன்று நாள்.
அட்டை ஏறாத காலுறை இரண்டு சோடி
கொழும்பிலிருந்து பார்சலில் வந்தது.
விடியக் காலை விடுதிக்காரன் போன் எடுத்தான்:
இரத்தினபுரிப் பக்கம் மண் சரிந்து பாதை பூட்டியாச்சு,
காசு திரும்பாது,
வேறு திகதி தரலாமாம்.

"லீவு லீவுதானே" என்றார் நேசன்.
சாவகச்சேரியில் இறங்கி ஓட்டோ பிடித்து
சரசாலைக் கண்டலுக்கு வந்தோம்,
அதே காலுறையோடு.

இது மழைக்காடு இல்லை.
சில இடம் இடுப்பளவு, சில இடம் தலையளவு.
இலையை நக்கினால் உப்பு.
வேர்கள் சேற்றைக் கிழித்து மேலே நிற்கின்றன,
விடை தெரியாமலே
கையுயர்த்தி நிற்கும் வகுப்பு மாதிரி.
நான் கணக்கு டீச்சர்,
எனக்கு அப்படித்தான் தெரியும்.

முதல் ஒரு மணித்தியாலம் ஒன்றுமேயில்லை.
இரவல் தொலைநோக்கியில் ஈரப்புகை.
நுளம்பு.
பிறகு, சேறுதான் அசைகிறது என்று பிடிபட்டது.
ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள்
அந்தக் கையை ஆட்டின,
வா என்றோ போ என்றோ.
மீனொன்று வேரில் ஏறிக்
காற்று வாங்கிக்கொண்டிருந்தது.
மீன்தான். இரண்டு தரம் பார்த்தேன்.

அப்பால், தண்ணீர் வற்றிய திடலில்
சங்குவளை நாரைகள்.
வாலடியில் அந்த ரோசா நிறம்,
யாரோ தூரிகை துடைத்துவிட்டுப் போனதுபோல.
நேசன் எண்ணினார், முப்பத்தொன்று;
நான் எண்ணினேன், முப்பத்து நாலு.
இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இறால் வலையோடு ஒருவர்
தொடையளவுத் தண்ணீரில் வந்து நின்றார்.
"என்ன பாக்கிறியள்?"
"காட்டுச் சீவராசியள்."
"என்னையும் சேத்தோ?"
சிரிக்கவில்லை அவர்.
நேசன் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்.

"நீர்நாய் நிக்குமோ அண்ணை?" என்று கேட்டேன்.
வலைக்கம்பால் எங்கள் பின்பக்கம் காட்டினார்.
வரம்பில், சாப்பாட்டுப் பைக்கு நாலு முழம் தள்ளி,
நண்டோடு நொருங்கிக் கிடந்த எச்சம்,
இன்னும் ஈரமாய்.
"இவ்வளவு நேரமும் உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டது.
நான் வரத்தான் போனது."

கொப்பியில் எழுதினேன்:
நீர்நாய், ஒன்று.
பார்த்த நேரம் என்ற இடத்தில்
அது எங்களைப் பார்த்த நேரம் தெரியாமல்
ஒரு கோடு.

திரும்பி வருகையில்
பஸ்ஸில் பக்கத்து மனுசி மூக்கைச் சுளித்துக் கேட்டா,
"எங்க பிள்ளை, இறால் மலிவோ?"