கழித்தல்

முக்கூடலில் பஸ் நிற்பதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது.
குடையில் ஒரு கம்பி ஒடிந்திருக்கிறது.
பைக்குள் நேற்று ராத்திரி நறுக்கிய ஈர்க்குக் குச்சிகள்,
விரல் நீளத்தில் இருநூறு,
ஒரு டப்பா ரப்பர் வளையம்.

இரண்டாம் வகுப்பு. பதினேழு பேர்.
அரும்பு சன்னல் பக்கம்,
மொட்டு பீரோவுக்கு முன்னால்,
மலர், யாரும் சொல்லாமலே, கரும்பலகைக்கு அடியில்.
ஜெபஸ்டின் மட்டும் எதிலும் சேராமல்
களிமண்ணில் 'ழ' செய்துகொண்டிருக்கிறான்.
வால் நிற்கமாட்டேன் என்கிறது.
எச்சில் தொட்டு ஒட்டுகிறான், விழுகிறது,
திரும்பவும் ஒட்டுகிறான்.
நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பத்துப் பத்தா எண்ணுங்க,
பத்து ஆனதும் ரப்பர் போடுங்க,
மிச்சத்தைத் தனியா வைங்க.
கையேட்டில் இதற்குப் பதினைந்து நிமிடம்.

சுடலைராஜா ரப்பரைக் காதில் மாட்டிப் பார்த்தான்.
ஒருத்தி ஒன்பதில் கட்டினாள், ஒருத்தன் பதினொன்றில்.
ஆவுடைச்செல்வி ரப்பரைத் தொடவே இல்லை.
பாவாடை ஓரத்தில் ஒரு நூலை உருவினாள்,
பல்லால் அறுத்தாள்.
உதடு அசையவில்லை,
பெருவிரல்தான் எண்ணியது;
இடது கைக்குள் குச்சிகள் போய்க்கொண்டே இருந்தன.
ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
நூல் நுனியை நகத்தால் உள்ளே ஒரு தள்ளு.
தரையில் தட்டித் தலைகளைச் சமமாக்கி
என் முன்னால் வைத்தாள்.

இருபத்தைந்து.

"பத்துப் பத்தா கட்டச் சொன்னேன்லா?"
"பத்துல கட்டுனா கடையில எடுக்க மாட்டாவ டீச்சர்."

"சரி, இந்த மாதிரி நாலு கட்டு இருந்தா?"
"நூறு."
"எட்டு?"
"எரநூறு."
அப்புறம் நான் கேட்காமலே:
"நாப்பது கட்டு ஆயிரம்.
தட்டுல நாப்பது அடுக்குனாத்தான்
எங்கம்மை எந்திரிப்பா."

ஆயிரம் எங்கள் புத்தகத்தில் இன்னும் வரவில்லை.

அவிழ்த்துப் பத்தாக்கிக் காட்டலாம் என்று
கட்டை எடுத்தேன்.
முடிச்சு என்று ஒன்று இல்லவே இல்லை அதில்,
ஆனாலும் அவிழவில்லை.
கழித்தல் நாளைய பாடம். இருந்தும் கை
சாக்பீஸைத் தேடிப் போய்விட்டது.

"இருபத்தஞ்சுல ரெண்டு கழிச்சா?"

மலர் மொத்தமும் கத்தியது: "இருபத்திமூணு!"
அவள் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நீ சொல்லு, மிச்சம் எத்தன?"
"ஒண்ணுமில்ல."
"எப்படி?"
"ரெண்டு கழிஞ்சா கட்டே கழிஞ்சிரும் டீச்சர்.
செக்கர் நம்ம கண்ணு முன்னாலயே
ஒடிச்சுப் போட்டுருவாரு."

சொல்லும்போது அழுகை இல்லை, கோபம் இல்லை.
ஏழும் ரெண்டும் ஒன்பது என்று
மற்ற நாட்களில் சொல்வாளே, அதே குரல்.

செல்போனில் அவள் பெயருக்கு நேரே கேள்வி:
பத்துகளாகத் தொகுக்கிறாரா?
ஆம். இல்லை.
மூன்றாவதாக ஒரு கட்டம் இல்லை.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது,
மழைக்கு சிக்னல் போய்விட்டது,
நல்லதாய்ப் போயிற்று.

மணி அடித்தது. முட்டை நாள்.
தட்டுகள் படியிறங்கி ஓடின.
அவள் மட்டும் திரும்பி வந்தாள்,
சிலேட்டை நீட்டினாள்:
25 − 2 = 23.
மூன்று மட்டும் திரும்பி நின்றது.

"இங்க இருபத்திமூணுதான, டீச்சர்?"

இங்க.

ஆமா என்றேன்.
மூன்றைத் திருத்தாமல் சிலேட்டைக் கொடுத்தேன்.
ஓடிப்போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

குச்சிகளைப் பொறுக்கினேன்.
கட்டை அப்படியே பைக்குள் வைத்தேன்.
உதிரிகளை எண்ணி முடித்தபோது
கணக்கு உதைத்தது:
நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

சன்னல் மேட்டில் ஜெபஸ்டினின் 'ழ'
வால் விழாமல் நின்றது.
அடியில் முட்டுக்கொடுத்திருந்தது
என் ஈர்க்கு ஒன்று.

அதை உருவவில்லை.
கழிந்ததாகவும் எழுதவில்லை.