கால்கரிப் புள்ளி

பட்டன் இல்லாத பக்கம்
கைப்பிடி இல்லாத கதவு என்றான் துஷாந்தன்,
பிராம்ப்டனில் வண்டி ஓட்டிக்கொண்டே.
சரியென்று வைத்தேன்.
முதலில் நீலப் பெருவிரல். பிறகு குருவி.
பிறகு எதையோ குத்திவைக்கும் சிவப்பு ஊசி,
எனக்கு அதில் கணக்கே இல்லை.
கொழுவிக் கொழுவி வலப்பக்கம்
துணி காயும் கொடியாயிற்று.
வரிகள் இடப்பக்கம் ஒதுங்கி
மூன்று சொல்லுக்கு ஒருமுறை மடங்கின.
அதைக் கவிதை என்று நினைத்தவர்களும் உண்டு.

விரலுக்குப் பக்கத்தில் ஒரு பூச்சியம்.
வாஸ்கானா ஏரி உறைந்த அன்று
வாத்துகள் எந்தப் பக்கம் நடந்தன என்று எழுதினேன்:
பூச்சியம்.
ஆஸ்பத்திரிச் சலவையறையில்
தலையணை உறைக்குள் கிடந்த பல்செட்டைப் பற்றி எழுதினேன்:
மூன்று.
ஒன்று துஷாந்தன், ஒன்று அவன் மனைவி,
மற்றது அவர்களுடைய கடை.

கடைசியாக வரைபடம்.
தீப்பெட்டி அளவு உலகம்,
யார் வந்தாலும் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி.
டிசம்பரில் கால்கரியில் ஒன்று விழுந்தது,
இரவு இரண்டு நாற்பதுக்கு.
மறுநாளும் இரண்டு நாற்பது.
எழுநூற்றைம்பது கிலோமீட்டர் கோதுமை வயலுக்கு அப்பால்
யாரோ விழித்திருக்கிறாள்.
அவள் என்றுதான் முடிவுசெய்தேன்.
தூக்கம் வராதவள். தேநீருக்கு ஏலக்காய் பிடிக்காதவள்.
அவளுக்காக நீட்டி முழக்குவதை விட்டேன்.
பனி என்று சும்மா எழுதாமல்
என்ன பனி என்று எழுதினேன்:
சப்பாத்தின்கீழ் கிறீச்சிடுவது,
கண்ணாடியில் உப்பாய் ஒட்டுவது,
பஸ் படியில் கறுத்துக் கிடப்பது.
அந்தக் குளிர்காலம் எழுதியதெல்லாம்
ஒரு புள்ளிக்கு.

மார்ச்சில் ரொவேனா கேட்டாள்,
இடைவேளை முழுக்க போனில் என்ன பார்க்கிறாய்.
எழுத்துப்பிழை, என்றேன்,
நான் எழுதியதை நானே திரும்ப வாசிப்பேன்.
அலுவலகக் கணினியில் வரைபடத்தைத் திறந்து
கால்கரிக்காரி வரும் நேரம், பார் என்றேன்.
கையிலிருந்த போனில் என் பக்கம் திறந்தது.
கணினியில் கால்கரி சிவந்தது.
சுவரில் இரண்டு நாற்பது.
இந்தக் கம்பெனி சிக்னல் எல்லாம்
கால்கரியைச் சுற்றித்தான் வருமாம், ரொவேனா சொன்னாள்.
சிரித்தோம். ஒரு விரிப்பின் நான்கு முனையை
இரண்டுபேர் பிடித்து மடிக்கும்போது சிரித்தால்
நடு நழுவும். நழுவியது.

காலையில் வீட்டுக்கு வந்து
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்
ஒவ்வொன்றாய்க் கழற்றினேன்.
குருவி எப்போதோ செத்திருந்தது,
அதன் இடத்தில் உடைந்த சதுரம்.
விரல், ஊசி, பூச்சியங்கள்.
வரைபடத்தில் கொஞ்சம் நின்றேன்.
நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது.
இத்தனை நாளில் அது என்னிடம் கேட்ட ஒரே கேள்வி.
ஓம்.

வலப்பக்கம் வெறுமையாயிற்று.
வரிகள் பக்கத்தின் மறுகரை வரைக்கும் ஓடின, நிறுத்த ஆளில்லாமல்.
எங்கே மடிப்பதென்று
இனி நான்தான் பார்க்கவேண்டும்.

இன்றைக்கு ஏரியில் முதல் விரிசல்.
வெடி போலக் கேட்டது என்று எழுதி,
வேண்டாமென்று அழித்து,
பக்கத்து அறையில் யாரோ
கதிரை இழுத்தது போல என்று மாற்றினேன்.
அவளுக்கு அதுதான் பிடிக்கும்,
விடியப்புறம் இரண்டு நாற்பதுக்கு
விழித்திருக்கிறவளுக்கு.