உறவுமுறை

படிவத்தில் ஆறாவது கட்டம்:
பிரசவத்துக்குத் துணை நிற்பவர், உறவுமுறை.
மிஸ்ஸி பேனையை நீட்டியபடி கொட்டாவி விடுகிறாள்.

நஸ்மியாவுக்கு நான் யார்?
கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் வீடு.
உப்புவெளியில், மீன்வாடிக்குப் பின்னால், என்னுடையது.
ஏழாம் மாதம் கிளினிக் வாங்கில்
பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.
புருஷன் தோஹாவில்.
உம்மா மௌத்தாகி இரண்டு வருசம்.
"நீங்க வாறீங்களா?" என்று கேட்டாள்,
கடைக்குக் கூப்பிடுவது போல.

"பிறகு எழுதுறன் மிஸ்ஸி."

குத்து வரும்போது அவளுக்கு
என் மணிக்கட்டு வேண்டும்.
கை நீட்டினால் தட்டிவிடுகிறாள். மணிக்கட்டுத்தான்.
நான் செய்தது பெரிதாய் ஒன்றுமில்லை.
இடுப்பில் உள்ளங்கையை வைத்து
மணலில் கால் ஊன்றி வள்ளம் தள்ளுவது போல அழுத்தினேன்.
துண்டை நனைத்து உதட்டில் வைத்தேன்.
டொக்டர் சிங்களத்தில் அவசரமாய்ச் சொன்னதை
அவசரமில்லாத தமிழில் சொன்னேன்.
அவளுக்கு முன்னால் மூச்சை இழுத்து விட்டேன்,
பின்னால் வந்தாள்.
சில வேளை வரவில்லை.

பதினொரு மணிக்கு நான் அக்கா.
ஒன்றரைக்கு மாமி.
மூன்றுக்கு, கண் செருகி, "உம்மா."
"ஓம் மகள்" என்றுவிட்டேன்,
பொய்யா என்று யோசிக்க நேரமில்லை.
மூன்றரைக்கு,
"போ நாயே, தொடாத!"
தொடாமல் நின்றேன்.
இந்த வேலையில் கஷ்டமான பகுதி அதுதான்.

நாலு மணிக்குப் பிள்ளையின் துடிப்பு இறங்கியது.
அறை நிறைய ஆட்கள், கையுறைகள், இரும்புச் சத்தம்.
என்னைச் சுவரோடு ஒதுங்கச் சொன்னார்கள்.
ஒதுங்கினேன்.
ஆட்களுக்கு இடையில் அவள் கண் தேடியது.
"நிக்கிறன்," என்றேன்.
வேறு சொல் வரவில்லை.
"நிக்கிறன் பிள்ளை. நிக்கிறன்."

பிறகு அந்தச் சத்தம்,
ஈரமாய், கோபமாய்,
பூனைக்கும் சங்குக்கும் நடுவில் ஏதோ ஒன்று.
பெண் பிள்ளை.
நஸ்மியா அந்த நொடியே என்னை மறந்துபோனாள்.
மறக்கத்தான் வேண்டும்.

விடியத் தேத்தண்ணிக்கு வெளியே வந்தேன்.
மதிலோரம் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த பாண் பையை மென்றுகொண்டு நின்றது.
தவசீலனின் ஓட்டோக் கண்ணாடியில்
கடவுளின் பெயர் உப்புக்காற்றில் உரிந்து
'துணை' மட்டும் ஒட்டியிருந்தது.
"எந்தச் சாமியடா?" என்றால்
"வாங்கேக்கையே இப்பிடித்தான் அக்கா."

திரும்பிப் போய் ஆறாவது கட்டத்தில்
அதையே எழுதினேன்.
மிஸ்ஸி பார்த்தாள், கோடு போட்டு வெட்டினாள்,
மேலே சின்னதாய் 'அயலவர்' என்று திருத்தினாள்.
சரி.
பாலத்துக்கு அந்தப் பக்கமும் அயல்தானே.

வீட்டில் தேங்காய் திருவும்போதுதான் எரிந்தது.
மணிக்கட்டில் நாலு நகப் பிறை,
ஒன்றில் மட்டும் இரத்தம் கண்டிருந்தது.