பெருவிரல்

யஷ்வந்த்பூர் மார்க்கெட்டில் ஏற்றும்போதே சொன்னேன்:
எண்ணெய் டின் கேபினோடு முட்டி நிற்கட்டும்,
அரிசி அதற்குத் தாங்கல்,
முட்டை அட்டை நடுவில். வெங்காயம் பக்கத்திலேயே வரக்கூடாது.
கயிற்றைக் காலால் மிதித்து இழுத்தேன்.
இனி அசையாது என்று
குட்டி யானையின் முதுகில் தட்டினேன்.

கோரகுண்டேபாளையா சிக்னலில்
பைக்கில் ஒருத்தன் கத்தினான்,
"சோர்தா இதெ குரு!"
துவரம்பருப்பு.
மூட்டை அடியில் ஒரு பொத்தல்,
கொக்கி மாட்டிய கதவின் இடுக்கு வழியே
வந்த பாதை நெடுக மஞ்சளாய் ஒரு நூல்.

கோணியூசி இல்லை. டேப் இல்லை.
முனிவெங்கடன் பாட்டுக்கு ஓட்டுகிறான், போனில் மாமியார்.
பெருவிரலை உள்ளே விட்டேன்.
நின்றது.

அப்புறம் ஒன்றேகால் மணி நேரம்
ஐம்பது கிலோவும் நானும்.
மேக்ரி சர்க்கிளில் மழை,
தார்ப்பாயை இழுக்க ஒரு கைதான்.
மூக்கு வேறு அரித்தது.
ஸ்பீடு பிரேக்கர்களில் முட்டைகள்
என்னைக் கேட்காமலே பிழைத்துக்கொண்டன.

விவேக் நகர் மெஸ்ஸில் எடைபோட்டு
இருநூறு கிராம் குறைச்சல் என்றார் லூர்தம்மாள்.
விரலைக் காட்டினேன்.
"இது எதுக்கு?"

மறுநாள் காலை குடோன் வாசலில்
வருகைப்பதிவு மெஷின்
மூன்று தடவை என்னை யாரென்று கேட்டது.