படிவம் 41, சின்னப்பாலம்

மலை ஏறுவீர்களா?
இல்லை.
பைக்கில் வேகமாய்ப் போவீர்களா?
பைக் ஏது.
சூதாட்டம்?
சிரித்தாள் பூமயில்.
பூஜ்யம் பூஜ்யமாய் வட்டமிட்டேன்.

பதில் சொல்லிக்கொண்டே
விரல்விரலாய்த் துணி சுற்றினாள்,
பார் கிழிக்காமலிருக்க.
பாதத்தில் தகரத் தட்டு.
முள் ஏறிய குதிகால்
இன்னும் வீங்கித்தான் இருந்தது.
இன்று கச்சான். தண்ணீர் கலங்கல்.

"முடிஞ்சுதா சார்? நீரோட்டம் மாறுது."

கஞ்சிப்பாசிக்கு
மூச்சை இழுத்து உள்ளே போனாள்.

கரையில் நின்று கூட்டினேன்.
துணிச்சல்: நாற்பதுக்கு இரண்டு.
அந்த இரண்டும்,
பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்வீர்களா என்றதற்கு
"இப்பவே சொல்லவா" என்றாளே, அதற்கு.

பெண்கள் அபாயம் தவிர்ப்பவர்கள் என்ற வரி
ஏற்கெனவே தட்டச்சாகி இருக்கிறது.
மறுபடி கூட்டினேன்.
இன்னும் அவள் தலை
மேலே வரவில்லை.