நிறுத்துவதற்கு நான்கு மைல் முன்பு

அர்மான் பெல்கியின் உணவகப் பின்வாசலில்
செவ்வாய்தோறும் இரண்டு பீப்பாய்.
மீன் பொரித்தது, உருளைக்கிழங்கு பொரித்தது,
ஞாயிறு டோனட் பொரித்தது எல்லாம் ஒன்றாய்,
தேன் நிறத்தில், சில வாரம் தார் நிறத்தில்.
ஒரு மாதம் கொட்டகையில் அசையாமல் வைப்பேன்.
வண்டல் இறங்கியதும்
பழைய ஜீன்ஸ் கால் ஒன்றின் நுனியைத் தைத்து
அதன் வழியே வடிப்பேன்.
பிறகு காய்ந்த வாணலியில் ஒரு சொட்டு.
படபடத்தால் தண்ணீர் இருக்கிறது.
சும்மா இருந்தால் காருக்கு.

எண்பத்திரண்டில் செய்த மெர்சிடிஸ்,
என்னைவிட நான்கு வயது இளையது.
வெர்மான்ட் சாலை உப்பு அதன் கதவோரத்தை
எலிபோலக் கொறித்திருக்கிறது.
டீசலில் கிளம்பும். இன்ஜின் சூடேறி
டிக்கியில் உள்ள எண்ணெய் இளகியதும்
ஒரு சுவிட்சைத் தட்ட வேண்டும்.
அதுவரை சுலபம்.
போய்ச் சேர நான்கு மைல் இருக்கும்போது
மறுபடி டீசலுக்கு மாற்ற வேண்டும்,
குழாயைக் கழுவி, பம்பைக் கழுவி,
அப்புறம்தான் நிறுத்தலாம்.
நிற்கப் போவது
முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நானோ பேறு பார்ப்பவள்.

பிப்ரவரி. இரவு ஒன்றேகால். மைனஸ் இருபது.
லாபோன்ட் வீட்டிலிருந்து போன்.
வெர்னன் பேசவில்லை, மூச்சு மட்டும் வந்தது,
அவனுக்குப் பின்னால் டெல்பினின் குரல்.
பனிவாரி இன்னும் ஏறாத மலைச்சாலை.
வாசல் விளக்கு தெரிந்ததும்
சாவியை உருவினேன், பையை எடுத்தேன், ஓடினேன்.
சுவிட்ச் நினைவிலேயே இல்லை.

குளியலறைத் தரையில் கையும் காலும் ஊன்றி அவள்.
"யாரு பொரிச்ச மீன் கொண்டு வந்தது?" என்றாள்.
அடுத்த வலி வந்து சிரிப்பைப் பாதியில் பிடுங்கியது.
கையை மூன்று முறை கழுவியிருந்தேன்.
முடியை என்ன செய்ய?

நாலு ஐம்பதுக்குப் பெண்.
கழுத்தில் கொடி ஒரு சுற்று,
விரல் விட்டுத் தளர்த்தினேன்.
நீலமாய் இருந்தாள். அழவில்லை.
துண்டால் முதுகைத் தேய்த்தேன்.
தேய்த்தேன்.
ஒரு தும்மல்.
பிறகு வீடு முழுக்க அவள்தான்.

வெளியே வந்து சாவியைத் திருப்பினால்
ஒரு இருமல், அவ்வளவுதான்.
குழாய்க்குள் எண்ணெய் மெழுகுவத்தியாகியிருந்தது.
பதினோரு மைல் தள்ளி
இன்னொருத்திக்கு நாள் தாண்டிவிட்டது.

இரவெல்லாம் கைகளை எங்கே வைப்பதென்று
தெரியாமல் நின்றவன் வெர்னன்.
டெல்பினின் இடுப்புக்கு வைத்த
வெந்நீர்ப் பை இரண்டையும் கொண்டுவந்து
துண்டு சுற்றிப் பம்பின் மேல் படுக்க வைத்தான்,
தலை நிற்காத ஒன்றை வைப்பதுபோல.
சமையலறை ஜன்னல் வழியே ஒயர் இழுத்து
குழாய் நெடுக ஹேர் டிரையர் பிடித்தான்.
முக்கால் மணி நேரம். பேச்சே இல்லை.
நான் டார்ச் பிடித்தேன். வெளிச்சம் நடுங்கியது.
குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது.
வெள்ளைப் புகை, முற்றமெங்கும்
பொரித்த உருளைக்கிழங்கின் வாசனை.
ஜன்னலுக்குள் டெல்பின் தலை தூக்கினாள்.
கை அசைத்தாளா, பசிக்கிறது என்றாளா,
கண்ணாடியில் பனி, சரியாகத் தெரியவில்லை.

இப்போது அந்தச் சுவிட்சில்
சிவப்பு நகப்பூச்சு வைத்திருக்கிறேன்.
அப்படியும் இரண்டு தடவை மறந்தாயிற்று.

மார்ச்சில் கட்டண பாக்கியோடு வெர்னன் வந்தான்.
பாதி, பணமாக.
மீதிக்கு, பண்டிகை முழுக்க வான்கோழி பொரித்த எண்ணெய்,
ஒன்பது காலன்,
மூடியில் டேப் ஒட்டி, பெரிய எழுத்தில்
"வடிகட்டவில்லை".
தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.
மாவுத் துணுக்குகள், ஒரு சின்ன எலும்பு.
ரசீதில் "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று
எழுதிக் கொடுத்தேன்.